பரீட்சை முடியும் வரை பேட்ச் போடாதே என்று சுற்றறிக்கை. என்ன செய்யலாம்?

சர்வர்_அறை, டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் ஐடி பிரிவில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். ஊகித்தவர்களும் ஊகத்தை இங்கே எழுத வேண்டாம்.

விஷயம் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில் எங்களுக்கு "மாற்றத் தடை" என்று ஒரு சுற்றறிக்கை வரும். நவம்பர் பரீட்சை முடியும் வரை எந்த சர்வரிலும் எந்த லேப் கணினியிலும் எதையும் தொடக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தென்னாப்பிரிக்கக் கல்வியாண்டைப் பாருங்கள். பரீட்சை நவம்பர் கடைசி வரை போகும். அப்புறம் மதிப்பெண் ஏற்றும் வேலை, அதற்கும் தடை நீளும். டிசம்பர் நடுவில் பல்கலைக்கழகத்தையே பூட்டிவிடுவார்கள். ஜனவரியில் திறந்தவுடன் மாணவர் பதிவு. "பதிவு நேரத்திலா சர்வரைத் தொடுவாய்?" என்பார்கள். அது முடியும்போது பிப்ரவரி பாதி போயிருக்கும். வடக்கே உள்ள நாடுகளில் ஆண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸும் புது மாணவர் சேர்க்கையும் வேறு வேறு பருவங்களில் வருகின்றன. நமக்கு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருகின்றன.

மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச், அதாவது ஓட்டைகளை அடைக்கும் திருத்தம், விடுகிறது. இந்தப் பருவத்தில் நம் கடிகாரத்தில் இரவு 8 மணி. 2025 நவம்பர் 11, டிசம்பர் 9, 2026 ஜனவரி 13, பிப்ரவரி 10. நான்கும் தடைக்குள்ளேயே விழுகின்றன.

இந்த ஆண்டு, 2025-ல், இன்னொரு கூத்து. அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது எல்லோருக்கும் தெரியும். அதே நாளில் டபிள்யூசஸில் இருந்த ஓர் ஓட்டைக்கும் பேட்ச் விட்டார்கள். வளாகத்துக் கணினிகளுக்கெல்லாம் அப்டேட்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற சர்வர் அது. போட்ட பேட்ச் ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. 23-ஆம் தேதி அவசரமாக இன்னொன்று விட வேண்டியதாயிற்று (ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2025-59287). பாஸ்வேர்டே இல்லாமல் ஒருவன் அந்த சர்வருக்குள் சிஸ்டம் அதிகாரத்தோடு உட்கார்ந்துவிடலாம். அப்புறம் அவன் கொடுப்பதுதான் அப்டேட்! வேலியே பயிரை மேய்ந்த கதை.

எங்களுக்குச் சுற்றறிக்கை முன்னால் வந்துவிட்டது, இந்தப் பேட்ச் பின்னால் வந்தது. போடட்டுமா என்று கேட்டேன். "அவசர மாற்றப் படிவம் நிரப்பு, மூன்று கையெழுத்து வாங்கு" என்றார்கள். மூவரில் ஒருவர் லீவில் இருக்கிறார்.

மற்ற இடங்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கெமிஸ்ட்ரி_லேப், டர்பன்

தம்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் பாடம் நடத்துகிறவன்.

எங்கள் துறையில் கணினியில் எழுதும் தேர்வு உண்டு. ஒரு தடவை தேர்வு பாதியில் இருக்கும்போது முன்வரிசைக் கணினி ஒன்று தானாக அணைந்து, "அப்டேட் நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம்" என்று வட்டம் சுற்ற ஆரம்பித்தது. 34 சதவீதம். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் திரையைப் பார்க்கிறேன். 34-ஐ விட்டு அசையவில்லை. வேறு கணினிக்கு மாற்றி உட்கார வைத்தோம், எழுதியதில் ஒரு பகுதி போயே போய்விட்டது. அப்புறம் மேல்முறையீடு, விசாரணை, எனக்கு விளக்கக் கடிதம். ஐடி பிரிவில் ஒருவருக்கும் கடிதம் போகவில்லை. மாற்றத் தடை சும்மா பிறக்கவில்லை.

2024 ஜூலை 19 மறந்துவிட்டதா? ஆடி முதல் வெள்ளி. காலையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டுத் துறைக்குப் போனால் வரிசையாக நீலத்திரை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் விட்ட ஒரே ஒரு ஃபைல். உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டும். திறப்பதற்கு பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி, 48 இலக்கம். ஒரு பையன் தாளைப் பார்த்து எண்களை உரக்க வாசித்தான், இன்னொருவன் தட்டினான். ஓர் எண் தவறினால் முதலிலிருந்து. அன்று மாலை வரை அதே பஜனைதான்.

பாதுகாப்பு என்ற பெயரில் வந்த அப்டேட்தானே அதுவும்? திருடன் செய்யாத சேதத்தைக் காவல்காரன் செய்தான். பரீட்சை நேரத்தில் என் லேபைத் தொடாதே, அவ்வளவுதான்.

ஜோபர்க்_அக்கா, ஜோஹன்னஸ்பர்க்

கெமிஸ்ட்ரி அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஆளை மாற்றி அடிக்கிறீர்கள்.

கிரவுட்ஸ்ட்ரைக்கில் விழுந்தது மென்பொருள் அப்டேட் இல்லை, தினசரி வரும் கண்டறிதல் தகவல் ஃபைல். மென்பொருளின் புதுப் பதிப்பைத் தள்ளிப்போட வாடிக்கையாளர்களுக்கு வசதி இருந்தது, ஒரு பதிப்பு பின்னால் இருக்கிறேன் என்று தேர்ந்தெடுத்தவர்களும் இருந்தார்கள். இந்தத் தகவல் ஃபைலுக்கு அந்த அமைப்பு செல்லுபடியாகவில்லை. நம் நேரம் காலை 6:09-க்கு விட்டார்கள், 7:27-க்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் ஆன் ஆகியிருந்ததெல்லாம் வாங்கிவிட்டது. உங்கள் சுற்றறிக்கையை நூறு தடவை கையெழுத்திட்டு ஒட்டியிருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. தடை பிடிப்பது மாதாந்திரப் பேட்சை மட்டும்தான்.

பேட்ச் போடாமல் இருந்த பல்கலைக்கழகத்துக்கு என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம். 2019 அக்டோபரில் யாரோ ஒரு ஃபிஷிங் மெயில் இணைப்பைத் தட்டினார். உள்ளே வந்தவர்கள் உடனே எதையும் உடைக்கவில்லை. வாரக்கணக்கில் மெதுவாக நடமாடினார்கள். முக்கியப் பாதுகாப்பு அப்டேட் போடாமல் விட்டிருந்த ஒரு சர்வர் வழியாக நவம்பரில் முழு அதிகாரமும் அவர்கள் கைக்குப் போனது. ஃபைல்களுக்குப் பூட்டுப் போட்டுப் பணம் கேட்டது எப்போது தெரியுமா? டிசம்பர் 23. ஆளில்லாத நேரம் பார்த்து. 30 பிட்காயின் கட்டினார்கள், அப்போதைய மதிப்பில் கிட்டத்தட்ட 2 லட்சம் யூரோ. கட்டிய பணத்தில் ஒரு பகுதி உக்ரைனில் ஒரு கணக்கில் பிடிபட்டு, பிட்காயின் விலை ஏறியதால் 5 லட்சம் யூரோவாகத் திரும்பி வந்தது என்பது கிளைக்கதை. அதைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் 23. சர்வர்_அறை தம்பி மேலே எழுதிய தடைக் காலத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் ஊர்க் கதை வேண்டுமானால் 2024 ஜூன் 22, தேசிய சுகாதார ஆய்வக சேவை. தாக்கியவர்கள் பேக்கப் சர்வரில் இருந்ததையும் சேர்த்து அழித்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகளை லேப்காரர்கள் டாக்டர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியதாயிற்று. 2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் டிரான்ஸ்நெட் இப்படித் தாக்கப்பட்டுப் படுத்தபோது டர்பன் துறைமுகத்தில் கண்டெய்னர்கள் தேங்கியது உங்களுக்கே தெரியும்.

ராத்திரி_டேட்டா, டர்பன்

நான் மாணவன். பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும்.

சர்வரை விடுங்கள். எங்கள் மடிக்கணினிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே? நான் வெளியே வாடகை அறையில் இருக்கிறேன். நெட் என்றால் ஃபோன் ஹாட்ஸ்பாட்தான். அறையில் இருக்கும் நாலு பேரும் விண்டோஸில் "மீட்டர்டு இணைப்பு" என்ற பொத்தானை ஆன் செய்து வைத்திருக்கிறோம். சீனியர் ஒருவர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த வித்தை. இல்லாவிட்டால் அப்டேட் வந்து பகல் டேட்டாவைக் குடித்துவிடும். வளாகத்து வைஃபைக்கு வந்தால் அப்டேட் ஆகும்தான், ஆனால் அங்கே பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டு அசைன்மென்ட் ஏற்றுவோமா, அப்டேட்டைப் பார்த்துக்கொண்டிருப்போமா?

அப்புறம் என்னுடையது விண்டோஸ் 10. 11 ஏறாது, செயலி பழசு என்று சொல்லிவிட்டது. புதுசு வாங்க என்எஸ்ஃபாஸ் (அரசு மாணவர் உதவித்தொகை) பணம் காணாது. இது ஆபத்தா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா?

இன்னொன்று. "உங்கள் அஞ்சல்பெட்டிக்குப் பாதுகாப்பு அப்டேட் தேவை, 24 மணி நேரத்தில் இங்கே தட்டவும்" என்று ஐடி பிரிவு பெயரில் மெயில் வருகிறது. "உதவித்தொகை நிலுவையில் உள்ளது, உறுதி செய்யவும்" என்றும் வருகிறது. எது நிஜம்?

சர்வர்_அறை, டர்பன்

தம்பி, நல்ல கேள்வி, நீ நுழைந்ததில் தப்பே இல்லை.

மெயில் முதலில். நாங்கள் எந்த அப்டேட்டையும் மெயிலில் இணைப்பாக அனுப்புவதில்லை. எங்குமே ஐடி பிரிவு அப்படி அனுப்பாது. விண்டோஸ் அப்டேட் விண்டோஸுக்குள்ளிருந்துதான் வரும். உதவித்தொகை மெயில் வந்தால் இணைப்பைத் தட்டாதே, நீயாக என்எஸ்ஃபாஸ் தளத்துக்குப் போய் உள்ளே நுழைந்து பார். ஒரே மூச்சில் பாஸ்வேர்டும் அவசரமும் கேட்டால் அது பொய் மெயில்.

விண்டோஸ் 10: ஆபத்து நிஜம், ஆனால் இன்றைக்கே தூக்கிப் போட வேண்டாம். தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் கொடுக்கிறார்கள். 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் சேர்வதற்கான இணைப்பு தெரியும். பல்கலைக்கழகக் கணக்கு வேண்டாம், உன் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை ஒன்டிரைவில் காப்புவைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டால் இலவசம். இல்லாவிட்டால் 30 டாலர். இலவசத்தை எடு.

கல்வி நிறுவனங்களுக்குச் சொந்தமான கணினிகளுக்கு முதல் ஆண்டு ஒரு டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என்று விலை வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ஒரு கணினிக்கு 7 டாலர். இதற்குக் கூட எங்கள் நிதிப் பிரிவு மூன்று விலைப்புள்ளி கேட்டது. விற்பது ஒருவன்தானே, மூன்று விலைக்கு நான் எங்கே போவேன்?

மீட்டர்டு பொத்தான்: இரவு டேட்டா தொடங்கும் நேரத்தில் அதை ஆஃப் செய்து, சார்ஜரில் போட்டு, "அப்டேட் சரிபார்" அழுத்திவிட்டுத் தூங்கு. காலையில் மறுபடி ஆன் செய்துகொள். ஆனால் மூடியை மூடினால் கணினியும் தூங்கிவிடும், திறந்தே வை. முடிந்ததும் மறுதொடக்கம் கேட்கும், அதைத் தள்ளிப்போடாதே. பெரும்பாலான பேட்ச்கள் மறுதொடக்கம் ஆகும் வரை சும்மா காத்துக்கொண்டுதான் இருக்கும்.

பழைய_டெர்மினல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஓய்வு பெற்று நாளாயிற்று. என் காலத்தில் கம்பெனிக்காரன் டேப்பைத் தபாலில் அனுப்புவான். அது வருவதற்குள் நாமே ஓட்டையோடு பழகிவிடுவோம். கணினி ஓர் அறைக்குள் இருந்தது, அறைக்குப் பூட்டு இருந்தது, அதுவே பாதுகாப்பு. இப்போது அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும், கிண்டல் வேண்டாம்.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தடை எதற்காக வந்தது என்று நினைக்கிறீர்கள்? பரீட்சையைக் காப்பாற்றுவதற்கு என்பது காகிதத்தில் உள்ள காரணம். டிசம்பரில் எவனையும் வேலைக்குக் கூப்பிட வேண்டாம், கூப்பிட்டால் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது நிஜக் காரணம். மாற்றம் இல்லையென்றால் கோளாறு இல்லை, கோளாறு இல்லையென்றால் ஆள் வேண்டாம். கணக்கு சரிதான், வெளியே இருப்பவனும் நம் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டால்.

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை, லாக்4ஜே என்ற பதிவேடு எழுதும் நிரல் துண்டில் இருந்த ஓட்டை வெடித்தது. ஜாவாவில் எழுதிய பாதி மென்பொருள்களுக்குள் அது உட்கார்ந்திருந்தது, எதற்குள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 16-ஆம் தேதி நல்லிணக்க நாள், அரசு விடுமுறை. அந்த வாரம் பாதிப் பேர் ஊருக்குப் போகும் வழியில் வண்டிக்குள் இருந்தார்கள். பேட்ச் ஒன்றோடு நின்றதா? 2.15 வந்தது, அது போதாது என்று 2.16, அப்புறம் 2.17, டிசம்பர் 28 அன்று 2.17.1. என் மருமகன் ஒரு நிறுவனத்தில் இதே வேலையில் இருந்தான். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மடிக்கணினியும் பிரியாணித் தட்டுமாக உட்கார்ந்திருந்தான். ஒரு சென்ட் கூடுதலாக வரவில்லை.

ஆகவே சர்வர்_அறை தம்பி, கமிட்டிக்குப் போகும்போது பேட்சைப் பற்றிப் பேசாதே. டிசம்பரில் கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் ஆட்களின் பட்டியலைக் கேள், அதற்கான சம்பளத்தைக் கேள். அது கிடைத்தால் தடை தானாகத் தளரும்.

லினக்ஸ்_பிள்ளை, கேப் டவுன்

தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு.

விண்டோஸ் அழுகையை எல்லாம் படித்துவிட்டு ஒரு சிரிப்போடு எழுத வந்தேன். உபுண்டு என்ற லினக்ஸைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் நம் நாட்டுக்காரர், அந்தப் பெருமை வேறு. ஆனால் நியாயமாகப் பேசினால் எங்கள் பக்கமும் ஒட்டடை உண்டு. "என் சர்வர் மூன்று ஆண்டாக அணையவே இல்லை" என்று மார்தட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேட்ச் டிஸ்கில் இறங்கியிருக்கும், நினைவகத்தில் ஓடுவது மூன்று ஆண்டுப் பழசு.

கெமிஸ்ட்ரி அண்ணாவுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறேன், அக்கா கோபிக்கக் கூடாது. 2024 மார்ச் 29, புனித வெள்ளி. ஈஸ்டர் திருவிழாவுக்காக மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோவிலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தேன். வரிசையில் நிற்கும்போது ஃபோன் விடாமல் அதிர்கிறது. எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவிக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருக்கிறார்கள் என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் அறிவித்துவிட்டார். எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்து சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப் போய்க் கண்டுபிடித்தது. 5.6.0, 5.6.1 ஆகிய புத்தம்புதுப் பதிப்புகளில்தான் அது இருந்தது. டெபியன் என்ற லினக்ஸின் நிலைப் பதிப்பில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆர்வக்கோளாறில் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்கள் மாட்டினார்கள். முந்திக்கொண்டவனுக்கு அன்று அடி.

கெமிஸ்ட்ரி_லேப், டர்பன்

பார்த்தாயா! நான் சொன்னதைத்தானே இந்தப் பிள்ளையும் சொல்கிறான்.

லினக்ஸ்_பிள்ளை, கேப் டவுன்

இல்லை அண்ணா, அவசரப்படாதீர்கள். டெபியன் நிலைப் பதிப்பு பாதுகாப்புப் பேட்சை நிறுத்தியதே கிடையாது. மென்பொருள் பதிப்பை உறையவைக்கிறார்கள். ஓட்டை தெரிந்தால் அந்தத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். புது வசதி வராது, பொத்தான் இடம் மாறாது, ஓட்டை மட்டும் அடைபடும். இரண்டு ஆண்டுக்கு மேல் அதே பதிப்பு, ஆனால் வாராவாரம் திருத்தம்.

உங்கள் சுற்றறிக்கை இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது, அதுதான் பிரச்சினை. விண்டோஸிலும் ஆண்டுக்கு ஒரு முறை வரும் வசதி அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம், மாதாந்திரப் பாதுகாப்பை மட்டும் விடலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது. மூடுல் (இணையவழிப் பாடத் தளம்) பதிப்பை உயர்த்துவது, தேர்வு மென்பொருளை மாற்றுவது, நெட்வொர்க் கேபிளிங், இதற்கெல்லாம் தடை போடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன்.

புதுசா_வந்தவன், கேப் டவுன்

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவன். ஒரு சந்தேகம். இங்கே மின்வெட்டு அட்டவணை போட்டு வரும்போது இரவு நேரத்தில் இத்தனை கணினிகளுக்கு எப்படி அப்டேட் போட்டீர்கள்? ஊரில் எங்களுக்கும் கரன்ட் போகும், ஆனால் இங்கே ஸ்டேஜ் 6 என்று எண் போட்டு வரும் கடுமையான வெட்டு மாதிரி பார்த்ததில்லை.

சர்வர்_அறை, டர்பன்

அண்ணே, அந்தப் புண்ணைக் கிளறாதீர்கள்.

லேப் கணினிகளில் டீப் ஃப்ரீஸ் போட்டிருக்கிறோம். மாணவர் எதைக் கிறுக்கினாலும் மறுதொடக்கத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்டேட் போட்டாலும் அதே கதி, மறுதொடக்கத்தில் காணாமல் போகும். அதனால் இரவில் ஒரு நேரம் குறித்து, வேக்-ஆன்-லேன் சிக்னல் அனுப்பிக் கணினியை எழுப்பி, உறைநிலையைக் கழற்றி, பேட்ச் போட்டு, மறுதொடக்கம் செய்து, மறுபடி உறையவைக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் காலையில் பழைய கணினிதான்.

2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மின்வெட்டு நேரம் காட்டும் எஸ்கோம்சேபுஷ் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் இடைவெளி தேடிக் குறிப்போம். குறித்த பிறகு ஸ்டேஜ் மாறும், அட்டவணையே மாறும். சர்வர் அறைக்கு ஜெனரேட்டர் உண்டு, லேப்களுக்குக் கிடையாது. கரன்ட் போய்த் திரும்பியதும் நிறையப் பழைய கணினிகளின் நெட்வொர்க் கார்டு வேக்-ஆன்-லேனைக் கேட்காது. யாராவது போய் ஒரு தடவை பவர் பட்டனை அழுத்தினால்தான் அதற்கு மறுபடி காது வரும். மூன்று மாடி, எட்டு லேப், டார்ச் லைட்டோடு ஒவ்வொரு மேசையாக அழுத்திக்கொண்டு போவேன். பாதி நிறுவலில் வெட்டு வந்தால் கணினி எழுந்து "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்று அரை மணி நேரம் சுற்றும். கெமிஸ்ட்ரி சார் சொன்ன 34 சதவீதமும் இந்த மாதிரி முந்தின இரவு முடிக்க முடியாமல் போனதாகத்தான் இருக்கும்.

இப்போது மின்வெட்டு பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. பழக்கம் மட்டும் ஓயவில்லை, கமிட்டியில் இன்னும் "கரன்ட் போனால்?" என்றுதான் முதல் கேள்வி.

டபிள்யூசஸை விட்டுவிட்டு மேகத்துக்கு (கிளவுட்) போ என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது, 2024 செப்டம்பரிலேயே இனி மேம்படுத்த மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் அருகே கடலடிக் கேபிள்கள் நாலும் ஒரே நாளில் அறுந்ததையும் நான் மறக்கவில்லை. டபிள்யூஏசிஎஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன். அதற்கு முந்தைய மாதம்தான் செங்கடலில் சீகாம் கேபிள் போயிருந்தது. அப்டேட்டின் ஒரு பிரதி நம் வளாகத்திலேயே இருப்பது எனக்கு இன்னும் நிம்மதி.

ஜோபர்க்_அக்கா, ஜோஹன்னஸ்பர்க்

தம்பி, படிவத்தில் வாதாட உனக்கு இரண்டு ஆயுதம் தருகிறேன்.

முதலாவது, எது அவசரம் என்று நீயும் கமிட்டியும் சண்டை போடத் தேவையில்லை. அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிசா, நிஜமாகவே தாக்குதலில் பயன்பட்ட ஓட்டைகளின் பட்டியல் ஒன்றை 2021 நவம்பரிலிருந்து வெளியிடுகிறது. உன் டபிள்யூசஸ் ஓட்டை அவசரப் பேட்ச் வந்த மறுநாளே, அக்டோபர் 24 அன்று, அதில் ஏறிவிட்டது. "அந்தப் பட்டியலில் வந்தது, அல்லது இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய சர்வர் என்றால் தடை பொருந்தாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல். மற்றதை வரிசையாக விடலாம். முதலில் ஐடி பிரிவின் சொந்தக் கணினிகள், சில நாள் கழித்து அலுவலகங்கள், அப்புறம் நூலகம், கடைசியாகத் தேர்வு அறைகள், அதுவும் இரண்டு தேர்வு நாட்களுக்கு நடுவில். வான்னாக்ரை என்ற புழு (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது) நுழைந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14-லேயே பேட்ச் வந்துவிட்டது, புழு கிளம்பியது மே 12. இரண்டு மாதம் இருந்தது. இப்போதெல்லாம் பட்டியலில் ஏறுவதற்கு நாட்கள்தான் ஆகின்றன, சில சமயம் பேட்சுக்கு முன்பே ஏறிவிடுகிறது. பிப்ரவரி வரை காத்திருப்பதைச் சட்டப்படி நியாயப்படுத்துவது கஷ்டம்.

சட்டம் என்றதும் இரண்டாவது. 2023 ஜூலையில் தகவல் ஒழுங்குமுறை ஆணையம் நீதித் துறைக்கே 50 லட்சம் ரேண்ட் அபராதம் போட்டது. 2021 செப்டம்பர் தாக்குதலைத் தொடர்ந்து விசாரித்தபோது தெரியவந்தது, வைரஸ் தடுப்பு, கண்காணிப்பு, ஊடுருவல் கண்டறிதல் ஆகிய மென்பொருள்களின் உரிமங்கள் 2020-லேயே காலாவதியாகிவிட்டன, யாரும் புதுப்பிக்கவில்லை. நீதித் துறைக்கே இந்தக் கதி. போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர்தான் தகவல் அதிகாரி. ஆகவே படிவத்தைத் திருப்பிப் போடு. இப்போது பேட்ச் போடுவதற்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். பேட்ச் போடாமல் இருப்பதற்கு ஒரு கையெழுத்துக் கேள். "இந்தத் தேதி வரை இந்த ஓட்டை திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், பொறுப்பு என்னுடையது" என்று ஒரு வரி. யார் பேனாவை எடுக்கிறார்கள் என்று பார்.

கெமிஸ்ட்ரி_லேப், டர்பன்

அக்கா சொன்ன வரிசை எனக்கு ஒத்துவரும், தேர்வு அறை கடைசி என்றால். தேர்வு நாளன்று காலை 7 மணிக்கு ஐடி பிரிவிலிருந்து ஓர் ஆள் உடம்போடு வந்து நிற்க வேண்டும், தொலைபேசி எண் போதாது. அதையும் எழுது.

ஆனால் என் கருவிக் கணினி? ஸ்பெக்ட்ரோமீட்டரோடு வந்தது, விண்டோஸ் 7. 2020 ஜனவரியிலேயே ஆதரவு போய்விட்டது, எனக்கும் தெரியும். அதன் இன்டர்ஃபேஸ் கார்டுக்கு விண்டோஸ் 10 டிரைவரே கிடையாது. கருவி தங்கம் போல வேலை செய்கிறது. புதுசு வாங்கச் சொன்னால் நிதியை நீ கொண்டு வா.

ஜோபர்க்_அக்கா, ஜோஹன்னஸ்பர்க்

அண்ணே, அதற்கு பேட்ச் கிடைக்காது, வேலி போடலாம். தனி விலேன், அதாவது மற்ற கணினிகளிலிருந்து பிரித்த தனி நெட்வொர்க். இணையம் கிடையாது, மெயில் கிடையாது, பிரவுசரைத் திறக்கவே கூடாது. எஸ்எம்பி என்ற ஃபைல் பகிர்வு முறையின் முதல் பதிப்பை அணைத்துவிடுங்கள், வான்னாக்ரை பரவியது அதன் வழியாகத்தான். அளவீட்டு ஃபைல்கள் ஒரே ஒரு இடைநிலை சர்வருக்கு மட்டும் போகட்டும், மாணவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். முக்கியமாக யுஎஸ்பி குச்சி கூடாது. இப்போது எப்படி எடுத்துப் போகிறார்கள்?

கெமிஸ்ட்ரி_லேப், டர்பன்

யுஎஸ்பி குச்சியில்தான். மேசை டிராயரில் பொதுவாக ஒன்று கிடக்கிறது, எல்லோரும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

லினக்ஸ்_பிள்ளை, கேப் டவுன்

அண்ணா!!!

சர்வர்_அறை, டர்பன்

தகவல் சொல்லிவிடுகிறேன். நேற்று இரவு டபிள்யூசஸுக்குப் பேட்ச் போட்டாயிற்று. லீவில் இருந்தவர் ஃபோனிலேயே சம்மதம் கொடுத்து மெயில் அனுப்பினார். அக்காவின் "போடாமல் இருப்பதற்குக் கையெழுத்து" வரியை மெயிலில் மரியாதையாகக் கேட்டிருந்தேன், பதில் பத்து நிமிடத்தில் வந்தது. மறுதொடக்கம் ஒன்று, அவ்வளவுதான். காலையில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. 8530, 8531 போர்ட்டுகள் வெளியிலிருந்து எட்டாதபடி இருக்கின்றனவா என்றும் பார்த்தோம், எட்டவில்லை. பழைய பதிவேடுகளையும் தேடினோம், சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை.

சுற்றறிக்கையை மாற்றுவது அடுத்த கூட்டத்துக்குப் போகிறது. பாதுகாப்புத் திருத்தம் தனி, மற்ற மாற்றம் தனி என்ற பிரிவையும் சிசா பட்டியலையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். தாத்தா சொன்ன காத்திருப்புச் சம்பளத்தில்தான் இழுபறி இருக்கும், மனிதவளப் பிரிவு இப்போதே "முன்மாதிரி ஆகிவிடும்" என்று முனகுகிறது. அக்கா, உங்கள் நிறுவனத்தில் அதற்கு என்ன வாசகம் என்று தனிமடலில் அனுப்ப முடியுமா?

ராத்திரி_டேட்டா தம்பி, நீட்டிப்பு அப்டேட் கிடைத்ததா?

ராத்திரி_டேட்டா, டர்பன்

கிடைத்தது அண்ணா. அறையில் நாலு பேருக்கும் போட்டாயிற்று. ஒருவனுடையது 21எச்2, அவனுக்கு முதலில் 22எச்2 ஏற்ற வேண்டியிருந்தது, அதற்கு நூலக வைஃபையில் உட்கார்ந்தோம்.

ஜோபர்க்_அக்கா, ஜோஹன்னஸ்பர்க்

வாசகம் அனுப்பிவிட்டேன். நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, அதை எடுத்துவிட்டுக் கொடு.

கெமிஸ்ட்ரி_லேப், டர்பன்

தம்பி, என் கருவிக்கு விலேன் வேலி போட வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வா, அதற்கு முன் சாம்பிள் ஓடுகிறது. நான் பக்கத்தில் நிற்பேன். நான் சொல்லாமல் எந்தக் கேபிளையும் பிடுங்கக் கூடாது. அந்த யுஎஸ்பி குச்சியை எடுத்துப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்.